யார் பெயருக்கும் எழுதாத உரிமம்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் நிற்கும் பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. அதைவிட ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்த செப்பேடுகள் அங்கே காக்கப்பட்டு வருகின்றன. கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகருக்கு வழங்கிய ஆணை அவற்றில் இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து, வடசொல் வரும் இடங்களில் கிரந்தம். மொழியைத் தமிழ் என்போரும் உண்டு, பழைய மலையாளம் என்போரும் உண்டு. இரண்டில் எதைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் உரக்கப் படித்தால் பாதி விளங்கிவிடும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும் அதனோடு 72 விடுபேறுகளும் இரப்பானுக்கு உரியவையாக்கப்பட்டன. பகலில் விளக்கு ஏந்திச் செல்லலாம், நடைபாவாடை விரிக்கலாம், பல்லக்கில் போகலாம், குடை பிடிக்கலாம், பறையும் ஊதுகொம்பும் முழங்கலாம், தோரணம் கட்டலாம். சில வரிகளும் அவருக்குத் தள்ளுபடி.

உரிமச் சாசனம் ஒன்றில் இருக்க வேண்டியவை எல்லாம் இதில் இருக்கின்றன. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், எதைச் செய்யலாம், அவருக்குப் பின் யாருக்குப் போகும், எவ்வளவு காலம் செல்லும் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் வேணாடு, வள்ளுவநாடு முதலிய நாடுடையவர்களைச் சாட்சியாக நிறுத்துகிறது. மகன், மகள், மருமகன் வரைக்கும் உரிமை இறங்குகிறது. காலமோ உலகும் நிலவும் உள்ள வரை. ‘விடுபேறு’ என்ற சொல்லுக்குள் ‘விடு’ இருந்தாலும், விட்டது ஒருவருக்கு மட்டுமே. தெருவில் எல்லாரும் பல்லக்கில் போகலாம் என்றால் அந்தச் செப்பேட்டைப் பூட்டி வைக்கத் தேவையிருந்திருக்காது. இன்று மென்பொருள், வன்பொருள் வரைபடம், கையேடு, தரவு ஆகியவற்றோடு இணைத்து அனுப்பப்படும் கட்டற்ற உரிமங்களும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் எழுதப்படுகின்றன. பெறுபவர் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலியாக விடப்பட்டிருக்கிறது. அதைக் காலியாக விடுவதற்கு எவ்வளவு எழுத வேண்டியிருந்தது என்பதற்குக் கொச்சியிலும் அதைச் சுற்றியும் சான்றுகள் நிறையக் கிடக்கின்றன.

போர்த்துகீசியர் காலத்தில் உரிமம் என்பதற்கு வேறொரு பொருளும் சேர்ந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. மறு ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. இரண்டும் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் அறிந்த என்ரிக்கே என்ரிக்கசின் தமிழாக்கங்கள். தமிழ் ஈய எழுத்துகள் கோவாவிலும் கொல்லத்திலும் வார்க்கப்பட்டவை. எழுத்தை வார்த்தவர் அதன் வடிவத்துக்கு உரிமை கோரலாம் என்ற எண்ணமே அன்று கிடையாது; அச்சிடுவதற்குத் திருச்சபையின் அனுமதிதான் வேண்டியிருந்தது. அதாவது உரிமம் என்பது படைத்தவர் கொடுப்பதாக இல்லை, அதிகாரம் கொடுப்பதாக இருந்தது. நூலாசிரியருக்கே முதல் உரிமை என்று சொன்ன ஆங்கிலேயச் சட்டம் 1710இல்தான் வந்தது.

இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே, டச்சுக்காரர் கையில் கொச்சி இருந்தபோது, அறிவைக் கொடுப்பது பற்றிய மிக விரிவான பத்திரம் ஒன்று இங்கே எழுதப்பட்டது. 1663 ஜனவரியில் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1670 வாக்கில் ஹென்ட்ரிக் வான் ரீடெ என்பவரை மலபார்த் தளபதியாக அமர்த்தியது. இலங்கையில் கம்பெனியின் பெரிய அதிகாரியாக இருந்த ரைக்ளோஃப் வான் ஹூன்ஸ் கொழும்பையே தலைமையிடமாக்கப் பார்த்தார். கொச்சியின் வளத்தை நிரூபித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் ரீடெவுக்கு. அத்தோடு, கம்பெனி ஊழியருக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த மருந்துகளில் பல, முதலில் இந்தக் கரையிலிருந்து போன சரக்குகளே என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மலபாரின் செடி கொடிகளைப் படத்துடன் தொகுக்கும் வேலை இப்படித் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’, அதாவது ‘மலபார்த் தோட்டம்’, அதன் விளைவு. 740க்கு மேற்பட்ட தாவரங்களும் 790ஐ ஒட்டிய செப்புத்தகட்டுப் படங்களும் அதில் உள்ளன. படங்களின் மேல் பெயர்கள் லத்தீன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பட்டன. மலையாள எழுத்து அச்சில் தோன்றிய முதல் நூல் இதுவே என்பர்.

நூலின் தகவல் எங்கிருந்து வந்தது என்பதை முதல் தொகுதியே சொல்லிவிடுகிறது. அதில் மூன்று சான்றிதழ்கள் அச்சாகியிருக்கின்றன. மூன்றும் 1675 ஏப்ரலில் எழுதப்பட்டவை. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியின் கொல்லாட்டு வீட்டு வைத்தியர் இட்டி அச்சுதனுடையது கோலெழுத்தில் இருக்கிறது. பரம்பரை வைத்தியர் என்ற முறையில், தம் வீட்டுச் சுவடியில் எழுதியிருந்த மூலிகைகளின் பெயரும் குணமும் மருந்தாகும் விதமும் தாம் சொல்லி எழுதப்பட்டன என்று அவர் உறுதி கூறுகிறார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய கொங்கணிப் பிராமணர் மூவர் எழுதியது நாகரியில், கொங்கணி மொழியில் உள்ளது. கோவாவிலிருந்து போர்த்துகீசியரின் கெடுபிடிக்குத் தப்பி வந்த கொங்கணிச் சமூகம் மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டிய தெருக்களில் வேரூன்றியிருந்தது. தங்கள் நிகண்டு நூலைப் பார்த்து ஈராண்டு காலம் உழைத்ததாக மூவரும் சொல்கிறார்கள். மூன்றாவது சான்று, அச்சுதன் சொன்னதைப் போர்த்துகீசிய மொழியில் எழுதிக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோவுடையது. அங்கிருந்து லத்தீனுக்குக் கொண்டுபோன வேலையில் யோஹன்னஸ் கசேரியுஸ் என்ற பாதிரியாருக்குப் பெரும்பங்கு. ஈழவ வைத்தியர் ஒருவரின் வாக்கும் பிராமணர் மூவரின் வாக்கும் ஒரே நூலின் முன்பக்கத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்பது, அன்றைய மலபாரில் வேறெங்கும் எளிதாக நடந்திருக்க முடியாத காரியம்.

இன்றைய கட்டற்ற உரிமங்களோடு வைத்துப் பார்த்தால் இந்தச் சான்றிதழ்களில் ஒரு பாதி இருக்கிறது, இன்னொரு பாதி இல்லை. இருப்பது பெயர். யார் சொன்னார், எந்தச் சுவடியிலிருந்து சொன்னார், யார் எழுதினார், யார் பெயர்த்தார் என்ற சங்கிலி முழுதும் பதிவாகியிருக்கிறது. அந்த நூற்றாண்டில் கீழைநாட்டு அறிவை ஏற்றிச் சென்ற நூல்களில் இது அரிது. இல்லாதது, திரும்பும் வழி. சொன்னவர்களின் ஊரில், சொன்னவர்களின் மொழியில் இதைப் படிக்கவோ திருத்தவோ மறுபடி எழுதவோ ஏற்பாடு எதுவும் இல்லை. அச்சுதனின் வீட்டுச் சுவடி பிற்காலத்தில் கிடைக்காமல் போயிற்று. அதிலிருந்த அறிவு லத்தீனில் மட்டும் தங்கியது. லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற் பெயர் சூட்டியபோது மலபாருக்கு ரீடெவின் படங்களையே நம்பினார். ஏலக்காயின் இன்றைய அறிவியல் பெயரான ‘எலெட்டாரியா’ ரீடெ எழுதிவைத்த மலையாளப் பெயரிலிருந்து பின்னர் உருவானது. பெயர் உலகம் சுற்றியது. பெயர் சொன்ன ஊருக்கு நூல் வரவில்லை.

வந்தது 325 ஆண்டு கழித்து. கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ். மணிலால் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்நூலுக்குக் கொடுத்து, செடிகளை ஒவ்வொன்றாகத் தேடி அடையாளம் கண்டார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இலும் மலையாள மொழிபெயர்ப்பு 2008இலும் கேரளப் பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. இங்கே சட்டத்தின் விசித்திரம் ஒன்று தலைகாட்டுகிறது. 1678ஆம் ஆண்டு லத்தீன் நூலுக்கு இன்று உரிமையாளர் யாருமில்லை. அதன் பக்கங்களை எண்மமாக்கி நூலகங்கள் இணையத்தில் வைத்திருக்கின்றன, யாரும் எடுத்து அச்சிட்டு விற்கலாம். மொழிபெயர்ப்போ சட்டத்தின் பார்வையில் புதிய படைப்பு, அதற்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. ஆக, கொச்சியில் பெரும்பாலோர் படிக்க முடியாத நூல் பொதுச்சொத்து; படிக்க முடிந்த நூல் உரிமைக்கு உட்பட்டது.

பெயரோடு நிற்காமல் பலனும் திரும்ப வேண்டும் என்ற வாதம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுத்தது. அமெரிக்காவில் 1995இல் மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்குக் கொடுக்கப்பட்ட காப்புரிமத்தை இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்தது. 1997இல் அது நீக்கப்பட்டது. ஐரோப்பியக் காப்புரிம அலுவலகம் வேப்பெண்ணெய்க்குக் கொடுத்ததை 2000இல் ரத்து செய்தது, மேல்முறையீடு 2005இல் தள்ளுபடியானது. ஒவ்வொரு வழக்குக்கும் பழைய நூல்களைத் தேடி மொழிபெயர்த்துக் காட்ட வேண்டியிருந்ததால், 2001இல் பாரம்பரிய அறிவு எண்ம நூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவ நூல்களின் மருந்து முறைகள் பல மொழிகளில் அதில் ஏறின. ஆனால் அந்த நூலகம் எல்லாருக்கும் திறந்ததல்ல. வெளியே சொல்வதில்லை என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட காப்புரிம அலுவலகங்களுக்கு மட்டுமே நெடுங்காலம் அது கிடைத்தது. பிறருக்குக் கட்டணத்தின்பேரில் திறக்க மத்திய அமைச்சரவை 2022இல்தான் ஒப்புதல் தந்தது. எல்லாருக்கும் தெரிந்த அறிவு என்று நிரூபிப்பதற்காகக் கட்டிய நூலகத்துக்குப் பூட்டு போட வேண்டியிருந்தது என்பது சிரிப்புக்குரியதாகத் தோன்றினாலும், பூட்டியவர்களுக்குக் காரணம் இருந்தது: திறந்து வைத்தால் முதலில் வருபவர் வைத்தியராக இருப்பார் என்று உறுதியில்லை.

கேரளத்திலேயே இன்னொரு வழி சோதிக்கப்பட்டது. அகத்தியமலைக் காணிக்காரர் 1987இல் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உற்பத்தி உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு பங்குத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இந்த ஏற்பாடு, வடிவத்தில் இசுப்பு இரப்பானின் செப்பேட்டுக்கு நெருக்கமானது. பெயர் குறித்த ஒருவருக்கு. இங்கே காலத்துக்கு வரம்பு உண்டு, விலையும் உண்டு என்பது மட்டும் வேறு.

பெயர் குறிக்காத உரிமம் வேறொரு இடத்தில் பிறந்தது. பதிப்புரிமைச் சட்டம் எழுதியவர் கேட்காமலே பாதுகாப்பு தருகிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். தாகூரின் நூல்களுக்காக 1992இல் 50 ஆண்டு 60 ஆயிற்று. 1984 திருத்தம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்தது. விளைவு, மாணவர் ஒருவர் எழுதும் பத்து வரி நிரலும் கவிதை நூலைப் போலப் பூட்டப்பட்டே பிறக்கிறது. திறக்க வேண்டுமானால் எழுதியவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். பூட்டைத் திறக்க இன்னொரு வழியும் தமிழருக்குத் தெரிந்ததே: பாரதி பாடல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் தானே பெற்றுக்கொண்டு, பின்னர் மக்களுக்கு விட்டது. ஆனால் ஒவ்வொரு நிரலையும் வாங்கி விடுவிக்க எந்த அரசுக்கும் கட்டுப்படியாகாது.

அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் கட்டற்ற இயங்குதளத்துக்கான குனு திட்டத்தை அறிவித்து, 1989இல் பொது உரிமத்தின் முதல் பதிப்பை வெளியிட்டார். ஜி.பி.எல். என்று புழங்கும் அந்த உரிமம் பதிப்புரிமையைக் கைவிடவில்லை, அதையே பிடியாக்கிக்கொண்டது. யாரும் இயக்கலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். பகிரும்போது பெறுபவருக்கும் இதே உரிமைகளைக் கொடுத்தாக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத் தமிழில் அளிப்புரிமை என்கிறார்கள். செப்பேட்டில் மகன், மகள், மருமகன் என்று இறங்கிய வாரிசு வரிசை இங்கே முன்பின் அறியாதவர்களின் வரிசையாகிவிட்டது. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போன்ற எளிய உரிமங்கள் அந்த நிபந்தனையைக் கேட்பதில்லை; பெயரைக் காத்தால் போதும் என்று விட்டுவிடுகின்றன. 1675 சான்றிதழ்களின் அளவோடு நிற்பவை அவை.

இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலை 20ஆம் தேதி திருவனந்தபுரத்தில், ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பட்டது. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம் அடுத்த சில ஆண்டுகளில் குனு லினக்ஸுக்கு மாறியது. 2007ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை அதை அரசு நிலைப்பாடாக்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வெழுதும் பிள்ளைகள் வரை கட்டற்ற மென்பொருளில் பழகினார்கள். இதற்குக் கொள்கைப் பிடிப்பு ஒரு காரணம். ஆயிரக்கணக்கான பள்ளிக் கணினிகளுக்கு உரிமக் கட்டணம் கட்டத் தேவையில்லை என்பது இன்னொன்று.

ஆனால் கேரளத்தில் உரிமப் பிரச்சினை கூர்மையானது எழுத்துருவில். தட்டச்சுப் பொறிக்கு அடங்க வேண்டும் என்பதற்காக 1971இல் மலையாள எழுத்து சீர்திருத்தப்பட்டபோது, அச்சுக்கூடங்களில் இருந்த நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகள் உதிர்க்கப்பட்டன. கணினி வந்தபின் அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணமில்லை என்று வாதிட்டு, ஆர். சித்ரஜகுமாரும் கே.எச். ஹுசைனும் நண்பர்களும் 1999இல் ‘ரசனா’ அமைப்பைத் தொடங்கிப் பழைய எழுத்தின் முழு வடிவங்களையும் வரைந்தனர். 2002இல் தோன்றிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழுவோடு சேர்ந்து ‘ரசனா’, ‘மீரா’ ஆகியவை யூனிகோடு எழுத்துருக்களாக ஜி.பி.எல்.லின் கீழ் வெளியாயின.

அங்கேதான் சிக்கல். எழுத்துரு மென்பொருளும்தான், வரைகலையும்தான். ஒருவர் கல்யாணப் பத்திரிகையை மீராவில் அமைத்துப் பி.டி.எஃப். கோப்பாக்கினால், எழுத்துருவின் ஒரு பகுதி அந்தக் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஜி.பி.எல்.லைச் சொல்லுக்குச் சொல் படித்தால், அந்தப் பத்திரிகையும் வழிவந்த படைப்பாகி, அதே உரிமத்துக்குக் கட்டுப்பட வேண்டுமோ என்ற ஐயம் எழும். அப்படி யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்றாலும், பதிப்பகத்தின் வழக்கறிஞருக்கு அந்தப் பதில் போதாது. அதனால் ஆவணத்தில் பொதிவது வழிவந்த படைப்பாகாது என்று ஒரு விலக்குப் பத்தியைச் சேர்த்தார்கள். பிறகு எஸ்.ஐ.எல். நிறுவனம் எழுத்துருவுக்கென்றே எழுதிய திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறினார்கள். அதன் ஏற்பாடு வேறு: எழுத்துருவை யாரும் மாற்றலாம், மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், தனியே மட்டும் விற்கக் கூடாது, மாற்றியதை மூலப் பெயரால் வெளியிடக் கூடாது, மாற்றியதற்கும் இதே உரிமம், எழுத்துருவால் அமைத்த ஆவணத்தை எதுவும் கட்டுப்படுத்தாது. இப்படி உரிமம் மாற்ற, வரைந்த ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். தன்னார்வத் திட்டங்களில் ஆரம்பத்திலேயே யார் எதை எழுதினார் என்று கணக்கு வைப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

இந்த உரிமத்தின் பலன் தமிழுக்கும் வந்தது. மீராவின் வடிவழகைப் பின்பற்றி ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துரு அதே திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது. கொச்சியில் 1579இல் தமிழ் ஈய எழுத்து அடுக்கப்பட்டதற்கு ஏறத்தாழ நாலரை நூற்றாண்டு கழித்து, கேரளத்தவர் வரைந்த தமிழ் எழுத்தை யாரிடமும் கேட்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்றாயிற்று.

கையேடுகளுக்கும் பாடநூல்களுக்கும் நிரலின் உரிமம் பொருந்தாது. ‘மூலநிரல்’ என்றால் புத்தகத்தில் எது என்ற கேள்விக்கே பதில் இழுபறி. ஸ்டால்மனின் அமைப்பு 2000இல் ஆவணங்களுக்குத் தனி உரிமம் எழுதியது. அதில் சில பகுதிகளை மாற்றவே கூடாதவை என்று ஆசிரியர் குறிக்கலாம் என்ற விதி இருந்ததால், அப்படிக் குறித்த நூல்கள் கட்டற்றவை அல்ல என்று டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தார் 2006இல் வாக்கெடுத்து முடிவு செய்தனர். உரிம வாசகம் முழுவதையும் உடன் அச்சிட வேண்டும் என்பது வேறொரு தொல்லை: ஒரு பக்கக் கட்டுரையை நகலெடுத்து வகுப்பில் கொடுக்கப் பல பக்க உரிமம். 2002இல் தொடங்கிய மலையாள விக்கிப்பீடியாவும் 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இந்த உரிமத்தில்தான் பிறந்து, 2009இல் மற்ற மொழிகளோடு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறின. கிரியேட்டிவ் காமன்ஸில் வணிக நோக்கின்றி என்ற நிபந்தனை உள்ள வகைகளும் உண்டு. எழுத்தாளருக்கு அது நியாயமாகத் தோன்றும். ஆனால் நகல் கடைக்காரர் பக்கத்துக்கு ஒரு ரூபாய் வாங்கினால் அது வணிகமா என்று கேட்டவுடனே மங்கிவிடுகிறது. அதனால் அவ்வகையைக் கட்டற்ற உரிமமாக யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வன்பொருளில் இன்னும் வழுக்கல். ஃபோர்ட் கொச்சிக் கரையில் நிற்கும் சீனவலையை எடுத்துக்கொள்ளலாம். நீண்ட கழிகள், விரிந்த வலை, மறுமுனையில் கயிற்றில் கட்டிய எடைக்கற்கள். அதைப் படமாக வரைந்தவருக்குப் படத்தின்மேல் பதிப்புரிமை உண்டு. படத்தைப் பார்த்து வலை கட்டியவரை அந்த உரிமை பெரும்பாலும் எட்டாது. இந்தியச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: பதிவு செய்யத் தக்க வடிவமைப்பொன்றைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50க்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை அற்றுவிடும். பொருள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காப்பது காப்புரிமம், அதற்குப் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். பதிப்புரிமையைப் பிடியாக்கிய ஜி.பி.எல்.லுக்கு இங்கே பிடி நழுவுகிறது. அதற்காகத்தான் ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்ன் 2011இல் திறந்த வன்பொருள் உரிமத்தை எழுதியது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு, இறுக்கமானது, இடைப்பட்டது, தளர்வானது என மூன்று வகையாகப் பிரிந்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘சக்தி’ நுண்செயலி எளிய வழியைப் பிடித்தது. கட்டணமற்ற ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியின்மேல் வடிவமைத்து, வடிவமைப்பின் நிரலைப் பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியிட்டது. 2018இல் அதன் சில்லில் லினக்ஸ் ஓடியது. நுண்செயலியின் வரைபடம் இன்று நிரலாகவே எழுதப்படுவதால் பதிப்புரிமை அங்கே மறுபடி பிடிபடுகிறது. சீனவலையில் அது பிடிபடாது.

இந்த உரிமங்கள் எல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்டவை. இந்தியச் சட்டத்தில் அவற்றுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. 19ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். எழுத்தாளர்களைப் பதிப்பாளர்களிடமிருந்தும், பாட்டெழுதுபவர்களைத் தயாரிப்பாளர்களிடமிருந்தும் காக்க வந்த விதி இது. 1994 திருத்தம் இதை, தேவையான மாற்றங்களோடு, உரிமங்களுக்கும் நீட்டியது. 1991இல் வந்த ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு காலம் எதையும் சொல்வதில்லை. லினக்ஸின் கருநிரல் இன்றும் அதில்தான் இருக்கிறது. 2007இன் மூன்றாம் பதிப்பும் 2013இன் கிரியேட்டிவ் காமன்ஸ் நான்காம் பதிப்பும் பதிப்புரிமை உள்ள காலம் முழுதும் என்று எழுதிவிட்டதால் தப்பின. உலகும் நிலவும் உள்ள வரை என்று காலத்தைக் குறித்துவிட்ட சேர மன்னனின் எழுத்தருக்கு இந்தக் கண்ணி தெரிந்திருந்தது போலும்.

எஞ்சியது தரவு. மட்டாஞ்சேரியில் அதற்குப் பழைய சொந்தம் உண்டு. 1957இல் அமைந்த மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கம் இந்தத் தெருக்களில்தான் மிளகின் முன்பேர வணிகத்தை நடத்தியது. கொச்சி விலை என்பது உலக மிளகு வணிகத்தில் ஒரு செய்தி. இன்றைக்குக் குவிண்டால் என்ன விலை என்பது உண்மைத் தகவல், அதற்குப் பதிப்புரிமை கிடையாது. பல ஆண்டு விலைகளைத் தேர்ந்து, பகுத்து, அட்டவணையாக்கினால் அந்தத் தொகுப்புக்கு உரிமை வரலாம். அதற்கும் வெறும் உழைப்பு போதாது, தேர்விலும் அமைப்பிலும் சிறிதேனும் சொந்த அறிவு வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இன் இறுதியில் சொன்னது. ஐரோப்பாவிலோ 1996 முதல், பணம் செலவழித்துத் திரட்டிய தரவுத்தளத்துக்கே 15 ஆண்டுத் தனி உரிமை உண்டு. ஒரே வரைபடத் தரவு கொச்சியில் கேட்பாரற்றும் பாரிஸில் உரிமைக்கு உட்பட்டும் இருக்கலாம். இந்தக் குழப்பத்துக்காகவே ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2012இல் தரவுத்தளங்களுக்கென எழுதிய உரிமத்துக்கு மாறியது.

அரசின் தரவுக்கு இந்தியா 2017இல் திறந்த தரவு உரிமம் ஒன்றை அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் 17ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்ட கொச்சி மெட்ரோ, 2018 மார்ச்சில் தன் நிலையங்கள், கால அட்டவணை ஆகியவற்றைப் பொதுவான தரவு வடிவில் வெளியிட்டது. இந்திய மெட்ரோக்களில் அதுவே முதல். அட்டவணை சுவரில் ஒட்டியிருப்பதுதானே, அதற்கு உரிமம் எதற்கு என்று கேட்கலாம். சுவரில் இருப்பதைப் பயணி படிக்கலாம். அதை அப்படியே செயலியில் ஏற்றி, விளம்பரம் சேர்த்து, நாள்தோறும் புதுப்பித்து நடத்த ஒரு நிறுவனம் துணிய வேண்டுமானால் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில், மீட்புக்கு உதவி கேட்பவர்களையும் முகாம்களையும் பதிய ‘கேரளா ரெஸ்க்யூ’ என்ற தளத்தைத் தன்னார்வலர்களும் அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் சேர்ந்து கட்டினார்கள். அதன் நிரல் திறந்து வைக்கப்பட்டதால், முன்பின் தெரியாதவர்கள் இரவோடிரவாகத் திருத்தங்கள் அனுப்பினார்கள். கட்டற்ற உரிமம் கற்பனை செய்த காட்சி அதுதான். ஆனால் உதவி கேட்டவர்களின் பட்டியல் வேறு. மாடியில் நின்று உதவி கேட்டவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அன்றைக்குப் பலர் கண்ணில் பட்டாக வேண்டியிருந்தது. அதற்காக அவற்றை யாரும் எப்போதும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று எழுதித் தரத் தொகுத்தவருக்கு உரிமையில்லை. 2017ஆம் ஆண்டு அரசு உரிமமும் தனிநபர் தகவலை வெளியே நிறுத்துகிறது. 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அத்தகைய தரவுக்குப் பொதுவாக வேண்டியது சம்மதம். அதில் கொடுப்பவர் பெயர் உண்டு, இன்ன காரியத்துக்கு என்ற வரம்பு உண்டு, கொடுத்ததை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.